எட்டு வாரத்தில் நான்கு கிலோ: ஒரு விளம்பரத்தை இணை டி-சோதனையால் அளந்து பார்த்தல்

கேள்வி இதுதான். ஓர் எடைக் குறைப்பு மையம், தன் எட்டு வாரப் பயிற்சியில் சேர்பவர்கள் சராசரியாக 4 கிலோவுக்கு மேல் குறைவதாக விளம்பரம் செய்கிறது. பயிற்சியை முடித்த பத்துப் பேரின் தொடக்க எடையும் இறுதி எடையும் கிடைத்தால், இரு தனித்தனிக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் இரு மாதிரி டி-சோதனையைப் பயன்படுத்துவதா, ஒரே ஆளின் முன், பின் அளவுகளை ஒப்பிடும் இணை டி-சோதனையைப் பயன்படுத்துவதா, வரும் விடையைக் கொண்டு விளம்பரம் உண்மை என்று சொல்லிவிடலாமா என்று புள்ளியியல் பயிலும் இளநிலை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் பகுதிக்கு விடை எளிது: இணை டி-சோதனைதான். இரண்டாம் பகுதிக்கு விடை, சொல்ல முடியாது என்பது. ஏன் முடியாது என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. சோதனையைச் சரியாகச் செய்து, கணக்கைச் சரியாகப் போட்டு, முடிவை மட்டும் தவறாக எழுதும் விடைத்தாள்களை நான் ஆண்டுதோறும் திருத்துகிறேன். அந்தத் தவறு தேர்வறையோடு நின்றுவிடுவதில்லை. பணம் கொடுத்து ஏமாறுபவர்களின் வீடு வரை போகிறது.

கேள்வியில் எண்கள் தரப்படாததால், கணக்கு விளங்கும்பொருட்டுப் பத்து இணைகளை நானே அமைத்துக்கொள்கிறேன். இவை எந்த மையத்தின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. தொடக்க எடைகள் கிலோவில் 82.4, 74.0, 91.5, 68.2, 79.6, 88.3, 71.9, 95.0, 77.4, 84.7 என்றும், எட்டு வாரம் கழித்து அதே வரிசையில் 78.1, 71.8, 85.6, 67.9, 75.1, 84.7, 72.6, 89.2, 74.3, 82.7 என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால், குறைந்த எடை 4.3, 2.2, 5.9, 0.3, 4.5, 3.6, கழித்தல் 0.7, 5.8, 3.1, 2.0 என வரும். ஏழாம் நபருக்கு எடை கூடியிருக்கிறது. அந்தக் கழித்தல் குறியைத் தவறவிட்டால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

இப்போது நம் கையில் இருப்பது பத்து வேறுபாடுகள் மட்டுமே. இணை டி-சோதனை என்று தனிப்பெயர் இருந்தாலும், இது வேறுபாடுகளின் மீது செய்யப்படும் ஒற்றை மாதிரி டி-சோதனைதான். வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 31.0, சராசரி 3.1 கிலோ. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 43.08, அதை 9ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.19. இதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், மாதிரிச் சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழை 0.692. சராசரி மாற்றம் பூச்சியம் என்பதை இன்மைக் கருதுகோளாக, அதாவது தரவைக் கொண்டு மறுக்க முடிகிறதா என்று பார்க்கும் கூற்றாகக் கொண்டால், டி-மதிப்பு 3.1 வகுத்தல் 0.692, அதாவது 4.48. கட்டின்மைக் கூறுகள் 9 (இணைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) உள்ள அட்டவணையில், கூடுதல், குறைதல் என இரு திசையையும் பார்க்கும் இருமுனைச் சோதனைக்கு 5 சதவீத மட்டத்தில் எல்லை 2.262. நமது மதிப்பு அதைப் போல் இருமடங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் இன்மைக் கருதுகோளை மறுக்கலாம், பி-மதிப்பு (இதன் பொருளைப் பின்னர் சொல்கிறேன்) 0.002க்கும் கீழே உள்ளது. உண்மைச் சராசரி மாற்றம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.53 கிலோ முதல் 4.67 கிலோ வரை.

இதே எண்களை இரு தனித்தனி மாதிரிகளாகக் கருதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொடக்க எடைகளின் திட்ட விலக்கம் 8.72, இறுதி எடைகளுடையது 7.00. இரண்டையும் சேர்த்துத் திட்டப் பிழை கண்டால் 3.54 வருகிறது, டி-மதிப்பு வெறும் 0.88. எடை குறைந்ததற்குச் சான்றே இல்லை என்று அந்தச் சோதனை சொல்லிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு எடை குறைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்த பிறகும் சோதனைக்கு அது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. 68 கிலோ உள்ளவருக்கும் 95 கிலோ உள்ளவருக்கும் இடையிலான பிறவி வேறுபாடு, உயர வேறுபாடு, வாழ்க்கை முறை வேறுபாடு அனைத்தும் இரைச்சலாக வந்து, மூன்று கிலோ என்னும் மெல்லிய குரலை அமுக்கிவிடுகின்றன. ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடும்போது அந்த இரைச்சல் கழிந்துபோகிறது. இணைப்பதன் பயன் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

டி-சோதனை பிறந்ததே இத்தகைய தரவுகளோடுதான் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் 1908ஆம் ஆண்டு 'பயோமெட்ரிகா' இதழில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கையாண்டது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்கு உறக்க மருந்துகள் கொடுத்துப் பெற்ற எண்களை. ஒரே நோயாளி இரு மருந்துகளிலும் கூடுதலாக எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பது இணையாகப் பதிவாகியிருந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக 1.58 மணி. இன்றைய வடிவில் அதைக் கணக்கிட்டால் இணை டி-மதிப்பு 4.06, பி-மதிப்பு 0.003க்கும் குறைவு; இணையைப் பிரித்துவிட்டுக் கணக்கிட்டால் டி-மதிப்பு 1.86, பி-மதிப்பு 0.08. எண்கள் அவையே. யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் முடிவும் மாறிவிடுகிறது.

நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் குவிந்து இருபுறமும் சமச்சீராகக் குறையும் இயல்நிலைப் பரவலை ஒட்டி இருக்க வேண்டியவை வேறுபாடுகள். எடைகள் அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேறுபாடுகளை ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். தன்னந்தனியே ஒதுங்கி நிற்கும் புள்ளி ஒன்று இருந்தால் சராசரியும் திட்ட விலக்கமும் அதன் பிடியில் சிக்கியிருக்கக்கூடும். அப்போது 1945இல் ஃபிராங்க் வில்காக்சன் அமைத்துத் தந்த குறியுடைத் தரவரிசைச் சோதனையைச் செய்யலாம். குறியைப் பாராமல் வேறுபாடுகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால், நம் எண்களில் எதிர்க்குறி பெற்ற ஒரே வேறுபாட்டின் தரம் 2. இங்கே எல்லையைவிடச் சிறிய எண் வந்தால்தான் மறுக்க வேண்டும்; பத்து இணைகளுக்கு அட்டவணை எல்லை 8 என்பதால் அந்தச் சோதனையும் இன்மைக் கருதுகோளை மறுக்கவே சொல்கிறது. இணைகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. கணவனும் மனைவியும் சேர்ந்து பயிற்சிக்கு வந்து ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டிருந்தால், அவர்கள் இருவரையும் இரண்டு தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது சரியாகாது.

அடுத்தது, மாணவர்கள் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம். மேலே நாம் மறுத்தது 'மாற்றம் பூச்சியம்' என்பதைத்தான். விளம்பரம் சொல்வதோ '4 கிலோவுக்கு மேல்'. அந்தக் கூற்றைச் சோதிக்கச் சொன்னால், கூற்றையே இன்மைக் கருதுகோளின் இடத்தில் வைத்து, சராசரி 4 என்று கொண்டு, அதைவிடக் குறைவா என ஒருமுனைச் சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது. செய்து பார்ப்போம். 3.1இலிருந்து 4ஐக் கழித்து 0.692ஆல் வகுத்தால் கழித்தல் 1.30. எல்லை கழித்தல் 1.833. எல்லையைத் தாண்டாததால் கருதுகோளை மறுக்க முடியவில்லை. உடனே விடைத்தாளில் 'எனவே நிறுவனத்தின் கூற்று ஏற்கப்படுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த ஒரு வரியைத்தான் நான் அடித்துத் திருத்துகிறேன். சராசரி மாற்றம் 2 கிலோ என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் இதே எண்கள் அதை மறுத்திருக்கமாட்டா, 3 கிலோ என்றாலும் மறுத்திருக்கமாட்டா, 4.5 கிலோ என்றாலும் இருமுனைச் சோதனையில் மறுத்திருக்கமாட்டா. ஒன்றோடொன்று முரண்படும் இத்தனை கூற்றுகளையும் ஒரே தரவு 'ஏற்கிறது' என்றால், ஏற்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இல்லை. இன்னும் கவலைக்குரியது, மாதிரி சிறிதாகச் சிறிதாகத் திட்டப் பிழை பெருகி, எந்தக் கூற்றையும் மறுப்பது அரிதாகிவிடுகிறது. பத்துப் பேருக்குப் பதில் நான்கே பேரின் எடையைக் கொண்டுவந்தால் நிறுவனத்தின் கூற்று இன்னும் பாதுகாப்பாகிவிடும். சான்று குறையக் குறையக் கூற்று உறுதிப்படுவது எந்த நியாயத்திலும் சேராது.

வழக்கு மன்றத்தில் குற்றம் சாட்டியவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதுபோல ஒன்றை விற்பவர்தான் தன் கூற்றை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே, சராசரி மாற்றம் 4 கிலோ அல்லது அதற்கும் குறைவு என்பதை இன்மைக் கருதுகோளாகவும், 4க்கு மேல் என்பதை மாற்றுக் கருதுகோளாகவும் அமைக்க வேண்டும். மாதிரிச் சராசரியே 3.1ஆக இருக்கும்போது டி-மதிப்பு எதிர்க்குறியோடுதான் வரும். கூற்றுக்கு ஆதரவு எதுவும் இல்லை. விடைத்தாளில் எழுத வேண்டியது இதுதான்: பயிற்சியை முடித்தவர்களின் எடை சராசரியாக 3.1 கிலோ குறைந்துள்ளது. உண்மைச் சராசரி 1.5 முதல் 4.7 கிலோவுக்குள் இருக்கக்கூடும். 4 கிலோவுக்கு மேல் குறையும் என்ற கூற்றை இந்தத் தரவு மெய்ப்பிக்கவில்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. நம்பிக்கை இடைவெளியை எழுதும் பழக்கம் வந்துவிட்டால், ஏற்பு, மறுப்பு என்ற இரண்டு சொற்களுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை.

பி-மதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.002 என்பது பயிற்சி பயனற்றதாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. உண்மையில் சராசரி மாற்றம் எதுவும் இல்லாதிருந்து, பத்துப் பேரின் எடை தற்செயலாக மட்டுமே ஏறி இறங்கியிருந்தால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய டி-மதிப்பு வருவதற்கான வாய்ப்பே அது.

இதுவரை சொன்னது கணக்கு. இனி, கணக்கு எட்டாத இடம். இணை டி-சோதனை 'எடை மாறியதா?' என்று கேட்கிறது. விளம்பரமோ 'எங்கள் பயிற்சியால் எடை மாறியது' என்கிறது. அந்த 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபுக்கு இந்தச் சோதனையில் எங்கும் இடமில்லை. இதை விளக்க, நம் சமையலறையோடு தொடர்புடைய ஓர் உண்மை நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளைவது குடம்புளி. மீன் குழம்புக்குப் புளிப்பேற்றக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இதைப் போடுவார்கள். இலங்கையில் கொறுக்காய்ப்புளி என்பார்கள். இதன் தோலில் உள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்ற ஆய்வகக் கருத்தை வைத்து, 'கார்சீனியா கம்போஜியா' என்ற பெயரில் இது மாத்திரையாகி, எடைக் குறைப்பு மருந்தாக உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கில் ஸ்டீவன் ஹெய்ம்ஸ்ஃபீல்டும் அவர் குழுவினரும் 135 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, 66 பேருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் அமிலம் கொண்ட மாத்திரையும், 69 பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தனர். இரு குழுவுக்கும் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த ஒரே உணவு முறை. முடிவு 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியானது.

குடம்புளி மாத்திரை உண்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. மாற்றத்தின் திட்ட விலக்கம் 3.3. இந்தக் குழுவை மட்டும் எடுத்து இணை டி-சோதனை செய்து பாருங்கள். 3.3ஐ 66இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.41, டி-மதிப்பு ஏறத்தாழ 7.9. பி-மதிப்பில் புள்ளிக்குப் பின் எத்தனை பூச்சியம் என்று எண்ண வேண்டியிருக்கும். 'மருத்துவ ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்று பெட்டியின்மேல் அச்சிட இதைவிட வேறென்ன வேண்டும் என்றே தோன்றும்.

வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு எவ்வளவு குறைந்தது தெரியுமா? 4.1 கிலோ; திட்ட விலக்கம் 3.9. இவர்களுக்கு இணை டி-மதிப்பு 8.7. ஒன்றுமே இல்லாத மாத்திரை, மருந்துள்ள மாத்திரையைவிடக் கூடுதலாக எடை குறைத்தது போன்ற தோற்றம்! இரு குழுக்களின் மாற்றங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வேறுபாடு 0.9 கிலோ, டி-மதிப்பு 1.45 அளவில் வருகிறது. ஆய்வாளர்கள் அறிவித்த பி-மதிப்பு 0.14. அதாவது இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. குறைந்த கிலோக்கள் அனைத்தும் உணவு முறைக்கும், ஆய்வில் சேர்ந்தோம் என்ற விழிப்புக்கும், அடிக்கடி எடை பார்க்கப்படும் என்ற எண்ணத்துக்கும் உரியவையாக இருக்கலாம். மாத்திரைக்கு அதில் பங்கு இருந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை.

இணை டி-சோதனை இங்கே பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எடை குறைந்தது உண்மை. அதைச் சோதனை சரியாகவே சொன்னது. கேள்வியை நாம்தான் தவறாகக் கேட்டோம்.

வெற்று மாத்திரையிலும் எடை குறையும் என்பது அந்த ஓர் ஆய்வின் தனித்தன்மை அல்ல. செமாக்ளூடைடு என்னும் ஊசி மருந்தை 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரு குழுவுக்கும் வாழ்க்கைமுறை ஆலோசனை தரப்பட்டது. வெற்று ஊசி போட்டவர்களின் எடையும் சராசரியாக 2.4 சதவீதம் குறைந்தது. மருந்து பெற்றவர்களுக்கு 14.9 சதவீதம் குறைந்ததால், அந்த இரண்டின் இடைவெளியான ஏறத்தாழ 12.5 சதவீதப் புள்ளிகளைத்தான் மருந்தின் கணக்கில் வரவு வைத்தார்கள். உண்மையில் பயனுள்ள மருந்துக்கும் கழித்தல் உண்டு. கழிக்க ஒரு குழுவே இல்லாத விளம்பரம், முழுத் தொகையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ஒன்றுமே செய்யாமல் எடை எப்படிக் குறையும் என்று கேட்கலாம். பெரும்பாலோர் எடைக் குறைப்பு மையத்தின் படியேறுவது, தம் எடை வழக்கத்தைவிட உச்சத்தில் இருக்கும்போதுதான். விருந்துகள் நிறைந்த ஒரு மாதம் முடிந்த கையோடு சேர்பவரின் எடை, அவர் தன் வழக்கமான உணவுக்குத் திரும்பிய அளவிலேயே சற்று இறங்கும். பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை வைத்து 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் விளக்கிய 'சராசரிக்குத் திரும்புதல்' இதுவே. அதோடு, மாவுச்சத்தைக் குறைத்தவுடன் உடலில் சேமிப்பாக இருந்த கிளைக்கோஜன் கரைய, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சேர்ந்திருந்த ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசு காட்டும் பெரிய இறக்கத்தில் கொழுப்பின் பங்கு சிறிதே. சேரும் நாளில் மாலையில், உண்ட வயிற்றோடு, செருப்போடு நிற்கவைத்து எடை பார்த்துவிட்டு, முடிக்கும் நாளில் காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்தால், எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஒன்றிரண்டு கிலோ மறைந்துவிடும். இணை டி-சோதனை இந்தப் பிழையைச் சற்றும் உணராது. எல்லோருக்கும் ஒரே திசையில் நேரும் பிழை வேறுபாட்டின் சராசரியில் நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து, கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் ஒரு சொல்: 'முடித்தவர்கள்'. பத்துப் பேர் முடித்தார்கள் என்றால் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? குடம்புளி ஆய்வில்கூட 135 பேரில் 84 பேர்தான் இறுதிவரை இருந்தனர். ஆனால் அந்த ஆய்வாளர்கள் பாதியில் நின்றவர்களையும் கணக்கில் வைத்தே முடிவை அறிவித்தார்கள். எடைக் குறைப்புப் பயிற்சியைப் பாதியில் விடுபவர்கள் யார்? பலன் தெரியாமல் மனம் சலித்தவர்களே அவர்களில் மிகுதியாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நம் எடுத்துக்காட்டில் 16 பேர் சேர்ந்து 6 பேர் பாதியில் நின்றிருந்தார்கள் என்றும், நின்றவர்களின் எடை மாறவில்லை என்றும் கொண்டால், சராசரிக் குறைவு 31 வகுத்தல் 16, அதாவது 1.9 கிலோவாக இறங்கிவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப்போகும் ஒருவர் இந்த 16 பேரில் ஒருவராகவே சேர்கிறார். முடித்த பத்துப் பேரில் ஒருவராக இருப்பேன் என்ற உறுதி அவருக்கு யாரும் தரவில்லை. ஆகவே அவருக்கு உரிய எண் 1.9தான்.

மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது நேரும் எதிர்ப்பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரின் எடை சராசரியாக 300 கிராம் குறைந்து, திட்ட விலக்கம் 3.3 கிலோவாக இருந்தால், டி-மதிப்பு 2.87 வந்துவிடும்; 5 சதவீத மட்டத்தை எளிதில் தாண்டும். ஆனால் 300 கிராமுக்காக எவரும் எட்டு வாரக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை; ஒன்றரைத் தம்ளர் தண்ணீர் குடித்தால் தராசில் ஏறிவிடும் எடை அது. உடல் எடையில் குறைந்தது 5 சதவீதம் குறைவதையே மருத்துவர்கள் பொருட்படுத்தத்தக்க அளவாக வழக்கில் கொள்கிறார்கள்.

சோதனையால் காண முடியாத இன்னொன்றும் உண்டு: எண்களின் நேர்மை. பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு உடல் எடையைக் குறைக்கும் என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவில் 16 பேரிடம் 22 வாரம் நடத்தப்பட்ட ஆய்வு அது. ஒவ்வொருவரும் உயர் அளவு, குறைந்த அளவு, வெற்று மாத்திரை மூன்றையும் மாறி மாறி உட்கொண்டதாகச் சொல்லப்பட்டது. வடிவத்தைப் பொறுத்தவரை, ஒருவரை அவரோடேயே ஒப்பிடும் சிறந்த இணை அமைப்பு. வெற்று மாத்திரை ஒப்பீடும் உள்ளே இருந்தது. சராசரியாக 8 கிலோ குறைந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழப்பட்டு, மாத்திரை பெருமளவில் விற்றது. ஆய்வை நடத்தியவர் பங்கேற்றோரின் எடைகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியதாகவும், யார் எதை உட்கொண்டார் என்பதே குழம்பிப்போயிருந்ததாகவும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2014இல் குற்றஞ்சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 35 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. சூத்திரத்துக்குள் போடும் எண் தராசிலிருந்து வந்ததா, பேனாவிலிருந்து வந்ததா என்று எந்தச் சூத்திரமும் கேட்பதில்லை. அதனால்தான் மாணவர்களிடம் மூலப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இனி, அந்த மையம் உண்மையிலேயே தன் பயிற்சியைச் சோதிக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்றுப் பயிற்சி என்று ஒன்றைக் கொடுக்க முடியாது. யாருக்கும் பயிற்சியை மறுக்கவும் மனம் வராது. இரண்டுக்கும் இடமளிக்கும் வழி ஒன்று இருக்கிறது. சேர வருவோர் எல்லாரையும் ஒரே தராசில், ஒரே வேளையில், ஒரே வகை உடையில் எடை பார்த்துவிட்டு, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இப்போதே பயிற்சி தொடங்குங்கள். மறுபாதியினர் எட்டு வாரம் காத்திருந்து பிறகு சேரட்டும். எட்டாம் வார முடிவில் இரு பகுதியினரையும், பாதியில் நின்றவர்களையும் தேடி அழைத்து, மீண்டும் எடை பாருங்கள். ஒவ்வொருவருக்கும் முன் எடையிலிருந்து பின் எடையைக் கழிப்பது வரை இணைக் கணக்கேதான்; அதன் பிறகு அந்த வேறுபாடுகளை இரு குழுக்களுக்கிடையே இரு மாதிரி டி-சோதனையால் ஒப்பிட வேண்டும். கேள்வி கேட்ட மாணவர் இரு சோதனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைத்தார்; சரியான அமைப்பில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். மாற்றத்தின் திட்ட விலக்கம் 3.5 கிலோ அளவில் இருக்கும் என்று கொண்டு, இரு குழுக்களுக்கிடையே 2 கிலோ வேறுபாடு உண்மையாகவே இருந்தால் அதைப் பத்தில் எட்டு முறை கண்டுபிடிக்க வேண்டும் என்றால், 3.5ஐ 2ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, இந்தத் தேவைக்கு உரிய மாறா எண்ணான 16ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 49 வருகிறது. குழுவுக்கு 50 பேர் என்று கொள்ளலாம். பாதியில் நின்று, தேடியும் கிடைக்காமல் போகிறவர்களுக்காக இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டால், குழுவுக்கு 60 பேர், மொத்தம் 120 பேர், நல்ல தராசு ஒன்று, பதினாறு வாரங்கள். இரண்டாம் எட்டு வாரங்களில், காத்திருந்தவர்களும் தாங்கள் பணம் கட்டிய பயிற்சியைப் பெற்றுவிடுவார்கள்.